மற்றும் குழுவினர்

சுவரொட்டியில் எங்கள் பெயர் அதுதான்.
பன்னிரண்டு வருஷம், ஒரே பெயர்.
எழுத்து மட்டும் அவ்வப்போது
இன்னும் கொஞ்சம் சிறுத்தது.

ஹெப்சிபா, சொப்ரானோ. அல் நஹ்தாவில் பல் கிளினிக் நர்ஸ்.
பியூலா, நடுக்குரல். கார்கோ ஆபீசில் பில் போடுபவள்.
நான் ஆல்ட்டோ.
இருக்கும்போது யாருக்கும் கேட்காது,
நின்றால் மட்டும் "என்னவோ குறையுதே" என்பார்கள்.
எனக்கும் கீழே ஒக்கெல்லோ, கம்பாலாக்காரன்,
ஒரு மாலின் இரவுக் காவலாளி.
தமிழ் தெரியாது. ஆனால் "இரங்கும்" என்ற சொல்லின்
ஙகர ஒற்றில் அவன் உட்கார்ந்தால்
பலகை மேடை உள்ளங்காலில் நடுங்கும்.

ஷார்ஜா யர்மூக்கில் சர்ச்சுகள் தோளுரசி நிற்கும்.
வெள்ளிக்கிழமைதான் அங்கே எங்களுக்கு ஞாயிறு.
மலையாள ஆராதனை முடிந்து நாற்காலிச் சூடு ஆறுமுன்
நாங்கள் ஏறுவோம்;
அடுத்து ஏற வேண்டிய உகாண்டாக்காரர்கள்
கதவோரம் காத்திருப்பார்கள்.
அப்படி ஒருநாள், எங்கள் கடைசிப் பாட்டுக்கு அடியில்
கேட்காமலே வந்து சேர்ந்தது ஒரு குரல்.
திரும்பிப் பார்த்தோம். மன்னிப்புக் கேட்டான்.
நிறுத்தாதே, என்றாள் ஹெப்சிபா.

கைதட்டலை ரெண்டாம் அடியில் வைக்கச் சொன்னது அவன்தான்.
எங்கள் ஊர்க் கை முதல் அடிக்கே விழுந்துவிடும்.
அந்தத் துளிப் பொறுமை படிய
மூன்று மாதம் ஆனது.

பிறகு தேராவில் ஒரு ஸ்டூடியோ, அரிசி விளம்பரத்துக்கு "ஆஹா".
கல்யாணம், ஓணம், நட்சத்திர இரவு.
சென்னையிலிருந்து வந்திறங்கும் பெரிய குரல்களுக்குப் பின்னால்
கறுப்புச் சேலை (மின்னக் கூடாது என்பது உத்தரவு),
நாலு பேருக்கு ரெண்டு மைக்.
ஆளுக்கு இருநூறு திர்ஹம், பிரியாணி, திரும்ப வண்டி.
வண்டி பாதி நாள் வராது.

அந்த ஜனவரி இரவைச் சொல்ல வேண்டும்.
அஜ்மானில் திறந்த மைதானம். கை நீட்டினால் கை தெரியாத பனி.
பாடகரின் விமானம் மஸ்கட்டில் போய் இறங்கிவிட்டது.
அமைப்பாளர் செல்லையா கோட்டுக்குள் வியர்த்தபடி
"ஏதாவது பாடுங்கம்மா" என்றார்.
எங்களுக்குத் தெரிந்ததோ,
அவர் பாடும் இடத்தில் மூச்சு வாங்குவது,
அவர் மூச்சு வாங்கும் இடத்தில் பாடுவது.

சரி என்று அதையே பாடினோம்.
பல்லவி இருக்க வேண்டிய இடம்
பல் விழுந்த ஈறாகக் கிடந்தது.
நாலு அடி மௌனம். எங்கள் "ஓ".
மறுபடி மௌனம்.
முன்வரிசை சோபாக்கள் போனைப் பார்த்தன.

கடைசி வேலியோரம்
கேம்ப் பஸ்ஸில் வந்தவர்களில் எவனோ ஒருவன்,
சுருதியே சேராத தொண்டை,
அந்த ஈறில் முதல் வரியை வைத்தான்.
நாங்கள் பதில் சொன்னோம்.
அடுத்த வரியை முப்பது பேர்.
அதற்கடுத்ததை எத்தனை பேரென்று
பனியில் தெரியவில்லை.
ஒக்கெல்லோ கண்ணை மூடிக்கொண்டான்.
ஹெப்சிபா, எதற்கும் அழாதவள்,
மைக்கை பியூலா பக்கம் தள்ளிவிட்டாள்.

பாடகர் வராததால் பாதிச் சம்பளம்.
செல்லையா நியாயஸ்தர்.
பிரியாணியில் பாதி பிடிக்கவில்லை.

ஹெப்சிபா இப்போது அயர்லாந்தில்.
பியூலாவுக்கு விசா ரத்து; நாசரேத்தில் ஜெராக்ஸ் கடை.
ஒக்கெல்லோவின் எண்ணுக்கு அடித்தால்
யாரோ ஒருத்தி புரியாத மொழியில் சிரித்துவிட்டு வைக்கிறாள்.
வார விடுமுறையை நகர்த்தியதில்
எங்கள் ஆராதனை ஞாயிறுக்கே போய்விட்டது.
வெள்ளிக்கிழமை விடிந்தால் தொண்டை மட்டும்
இன்னும் வெந்நீர் கேட்கிறது.

ப்ளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த பெண்
நேற்றுக் கேட்டாள்:
"தினம் பாடுறீங்களே, இது எந்தப் பாட்டுக்கா?"
யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.
முதல் வரி எப்போதும் வேறு யாரிடமோ இருந்தது.

குழாயைத் திறந்து
பாத்திரம் கழுவிக்கொண்டே
நாலு அடி விட்டேன்.